தோள் உயரத்துக்கு இறங்கிய தெரு

ஜெயசீலி டீச்சருக்கு இதயம் மெதுவாகத் துடிக்கத் தொடங்கியபோது அது அவளுக்கே தெரியவில்லை, ஏனென்றால் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அவள் வீட்டில் எல்லாமே மெதுவாகத்தான் நடந்துகொண்டிருந்தது. சோறு மெதுவாக வெந்தது, மத்தியானம் மெதுவாக நகர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்தால் அடுத்த ஞாயிறு வருவதற்குள் ஒரு பருவமழை பெய்து ஓய்ந்ததுபோல் இருந்தது. ஞானியார்விளை பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சராக இருந்து, விசில் ஊதி ஊதியே ஊரின் பாதிப் பெண்களை வரிசையில் நிற்கக் கற்றுக்கொடுத்தவள், கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் மேலத்தெருக் கடைசி வீட்டில் தனியாக இருந்தவள், ஒருநாள் செல்லக்கனி கடையில் வாழைப்பழத் தாருக்குக் கீழே மயங்கி விழுந்தாள். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். இடது காறை எலும்புக்குக் கீழே கீறி, தீப்பெட்டி அளவுக்கு ஒரு பேஸ்மேக்கரை வைத்து, அதிலிருந்து கம்பியை இதயத்துக்குள் இறக்கித் தைத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். "இடது கையைத் தோளுக்கு மேல தூக்கக் கூடாதும்மா. கம்பி விலகிரும்." எதுவரைக்கும் என்று டீச்சர் கேட்டாள். "நான் சொல்ற வரைக்கும்" என்றார் அவர். மறுமுறை போனபோது அந்த டாக்டர் மேல்படிப்புக்குப் போய்விட்டிருந்தார். புதிதாக இருந்தவர் நெஞ்சில் ஒரு வட்டக் கருவியை வைத்து, திரையைப் பார்த்து, மெஷின் பிரமாதமாக ஓடுகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். மெஷினைப் பற்றிச் சொன்னாரே தவிர கையைப் பற்றிச் சொல்லவில்லை. வேறு யாராக இருந்தாலும் வாய்விட்டுக் கேட்டிருப்பார்கள், இல்லையென்றால் கேட்காமலே தூக்கியிருப்பார்கள். ஜெயசீலி டீச்சர் வாழ்நாள் முழுக்க டிரில் சொல்லிக்கொடுத்தவள். ஒரு கட்டளை கொடுத்தால் மறுகட்டளை வரும்வரை அது நிற்கும், வரிசையில் நிற்கிறவள் 'எப்போது கையை எடுக்கலாம்' என்று கேட்கக் கூடாது, கேட்டால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும் என்பது அவளே போட்ட சட்டம். ஆகவே கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தாள். யாரும் வந்து 'பழைய நிலை' என்று மறுகட்டளை கொடுக்கவில்லை.

கை சும்மா இருந்தால் கை மறந்துவிடும். முதலில் பின்னால் போக மறந்தது, பிறகு பக்கவாட்டில் மறந்தது, பிறகு மேலே என்று ஒரு திசை இருப்பதையே மறந்தது. தோள்மூட்டு துருப்பிடித்த கொண்டிபோல் இறுகிக்கொண்டது. அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் உயிர் போய்த் திரும்பி வந்தது. வலக்கையை மேலே நீட்டினால்கூட இடது தோள் சேர்ந்து இழுத்தது. ஜாக்கெட்டுக்குள் கையை நுழைக்க அரைமணி நேரம் பல்லைக் கடித்தாள். தலைமுடியைத் தூக்கிக் கொண்டை போட முடியாமல் போனதும், இன்னொருத்தியிடம் போய்த் தலையைக் காட்டுவதாவது என்று கத்திரிக்கோலை எடுத்துத் தானே கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். ஒருபக்கம் ஏறியும் ஒருபக்கம் இறங்கியும் இருந்தது. அதைத் தெருவில் யாரும் கேலி பேசவில்லை. பேசியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மேலத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வேலை இல்லாமல் யாரும் யார் வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை. உறைமோர் வாங்க வரலாம், அம்மி கேட்டு வரலாம், சாவுக்கும் சடங்குக்கும் வரலாம். சும்மா வந்தால் 'என்ன விசேஷம்?' என்று கேட்பார்கள். விசேஷம் இல்லை என்றால் அன்று முழுக்க அதுவே தெருவின் பேச்சாக இருக்கும். பக்கத்து வீட்டு ஆவுடையம்மாளுக்கு இப்போது டீச்சர் வீட்டில் வேலை கிடைத்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள் அவள். புருஷன் போன பிறகு இட்லி சுட்டு விற்று இசக்கியம்மாள் என்ற ஒற்றை மகளை வளர்த்து ஆளாக்கியவள். காலையில் இட்லிப் பானையை இறக்கிவைத்த கையோடு வருவாள், மேல்தட்டிலிருந்து காப்பித்தூள் டப்பாவை எடுத்துக் கொடுப்பாள், துவைத்த துணியைக் கொடியில் போடுவாள், காலண்டரில் தேதியைக் கிழிப்பாள். டீச்சர் வேண்டும் என்று கேட்டதில்லை. அவளாகப் பார்த்துச் செய்தாள். செய்துகொண்டே வாய் ஓயாமல் பேசுவாள். அவள் போன பிறகும் அந்தப் பேச்சு அடுப்படியில் கொஞ்ச நேரம் இருக்கும், டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டு காப்பி குடிப்பாள். நோய் வந்ததில் ஒரு நன்மை உண்டென்றால் அது இதுதான் என்று அவள் நினைத்தாள், நினைத்ததற்காக ஆண்டவரிடம் மன்னிப்பும் கேட்டாள்.

அப்படியிருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் மேல்தட்டு கீழே வந்திருந்தது. ஆணியோடு, சாந்தோடு, டப்பாக்களோடு, ஒன்றும் சிந்தாமல் டீச்சரின் தோள் உயரத்துக்கு இறங்கிச் சுவரில் நின்றது. காலண்டர் இறங்கியிருந்தது, சுவர்க்கடிகாரம் இறங்கியிருந்தது, ஃபேன் சுவிட்ச் இறங்கியிருந்தது, இயேசுநாதர் படமும் இறங்கி அவளை நேருக்கு நேர் பார்த்தது. முற்றத்துக் கொடி, வயதான மாடு படுப்பதுபோல், நடுவில் தொய்யாமல் ஒரே சீராகத் தாழ்ந்திருந்தது. டீச்சர் வலக்கையால் தட்டைத் தடவிப் பார்த்தாள். உறுதியாகத்தான் இருந்தது. அப்போது வழக்கம்போல் ஆவுடையம்மாள் வந்தாள், வாசலில் நின்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு டீச்சர்! ஒத்தையில கெடந்து அல்லாடுதியளேன்னு அந்தக் கர்த்தருக்கே பொறுக்கல. எல்லாம் உங்க கைக்கு வந்துட்டு பாத்தியளா. இனி நான் வரணும்னு இல்ல."

சொல்லிவிட்டு மனநிறைவோடு போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. டீச்சர் தானே டப்பாவை எடுத்தாள், தானே காப்பி போட்டாள், தானே தேதியைக் கிழித்தாள். எல்லாம் எட்டியது.

அந்த வாரத்துக்குள் அற்புதம் அவள் வாசலைத் தாண்டித் தெருவுக்குள் நடந்துவிட்டது. மனிதர் கை வைத்து மாட்டியதும், கை நீட்டிப் பறிப்பதும் எதுவோ அதெல்லாம் இறங்கியது. கூரை இறங்கவில்லை, நிலா இறங்கவில்லை, அதை யாரும் மாட்டிவைக்கவில்லையே. தென்னைகள் உடம்பைச் சுருக்கிக்கொண்டு குலைகளைத் தோளுயரத்தில் நீட்டின, மரம் ஏறுகிற கூலிக்காரன் வந்து பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனான். முருங்கைக்காய் பறிக்கத் தொரட்டி வேண்டாமல் போனது, பறித்தவன் யார் என்ற சண்டை வேண்டியிருந்தது. செல்லக்கனி கடையில் வாழைத்தார் கல்லாப்பெட்டிக்கு நேராகத் தொங்கி, வந்தவனெல்லாம் பேசிக்கொண்டே ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றான். வேதக்கோயில் மணியைக் குழந்தைகள் போகிறபோக்கில் தட்டிவிட்டுப் போனதால், சாவுக்கு அடிக்கும் அடக்க மணியா ஆராதனை மணியா என்று தெரியாமல் பெரியவர்கள் செருப்பைப் போட்டுப் போட்டுக் கழற்றினார்கள். கட்சிக் கொடிகள் எல்லாம் ஒரே உயரத்தில் நின்றதால் எந்தக் கட்சி பெரியது என்ற பேச்சு தெருவில் முதல்முறையாக நின்றது. மினி பஸ் மேலத்தெருவுக்குள் திரும்பியதும் அதன் கைப்பிடிக் கம்பிகூட இறங்கி, உள்ளே நின்றவர்களின் நெஞ்சில் இடித்தது, தெருமுனை தாண்டியதும் தானாக ஏறிக்கொண்டது. "மேலத்தெரு வந்தாச்சு, குனிஞ்சுக்கோங்க" என்று கண்டக்டர் விசில் ஊதப் பழகிக்கொண்டான்.

ஏன் இறங்கியது என்று யாரும் அதிகம் ஆராயவில்லை. டீச்சர் சொல்லி இந்த ஊரில் எது கேட்காமல் இருந்தது என்றாள் ஒருத்தி. பெஞ்சும் நாற்காலியும்கூட அவள் விசிலுக்கு வரிசையில் நிற்குமே என்றாள். அதற்குமேல் யாருக்கும் பதில் தேவைப்படவில்லை. மனிதர் எதற்கும் பழகுவார்கள், இலவசமாகக் கிடைத்தால் இரண்டு நாள் முன்னாலேயே பழகுவார்கள். டீச்சரை எங்கே கண்டாலும், "உங்களுக்கு இனி என்ன டீச்சர் குறை, ஊரே கைக்குள்ள" என்று சொல்லிக் கடந்துபோனார்கள். உண்மைதான். அவளுக்கு எட்டாதது எதுவும் இல்லாமல் போனது, அதனால் அவள் வீட்டுக்குள் நுழைய யாருக்கும் ஒரு வேலையும் இல்லாமல் போனது. சுற்றிலும் எல்லாம் குனிந்து நிற்க, நடுவில் தனியாக உட்கார்ந்து, நெஞ்சுக்குள் மெஷின் தட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேசுவதற்கு ஆளில்லாதபோது அந்தச் சத்தமாவது இருக்கிறதே என்று அதன்மேல் ஒரு பிரியம்கூட வந்தது. ஒருநாள் வேண்டுமென்றே டப்பாவைக் கீழே போட்டு, 'ஐயோ' என்று சத்தமாகச் சொன்னாள். பக்கத்து வீட்டில் மாவாட்டும் கிரைண்டர் நிற்கவில்லை.

சிக்கல் கல்யாணத்தில் வந்தது. இசக்கியம்மாளுக்கு உடன்குடிப் பக்கம் மாப்பிள்ளை முடிவாகி, மேலத்தெருவிலேயே பந்தல் போட்டுத் தாலி கட்டுவது என்று பேச்சு. புருஷன் இல்லாதவள் மகளைக் கண்ட இடத்தில் கட்டிக்கொடுத்தாள் என்ற சொல் வரக் கூடாது, என் வாசலிலிருந்துதான் அவள் புறப்பட வேண்டும் என்பது ஆவுடையம்மாள் கும்பிட்ட சாமியிடம் கேட்ட ஒரே வரம். இடம் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா நல்ல உயரம். மாதிரிக்குக் கட்டிப் பார்த்த தோரணம் தன் இடுப்புக்குச் சற்று மேலே நிற்பதைப் பார்த்தார், வாழைக்குலை தரையில் உட்காராத குறையாக இருப்பதைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பொண்ணு எடுக்க வந்த நாங்க தவழ்ந்துல்லா வரணும் போலிருக்கு. முந்தின நாளு வரைக்கும் பாப்போம். பந்தல் நிமிரலன்னா கல்யாணம் எங்க ஊர்ல" என்றார்.

அன்று சாயங்காலம் வார்டு மெம்பர் வேலாயுதப்பெருமாள் தெருவைக் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தார். கூடவே உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருமுறை வரும் பிசியோதெரபிஸ்ட் ஷகிலா பானுவையும் அழைத்து வந்திருந்தார். டீச்சர் கை ஏறினால் பந்தலும் ஏறும் என்பது அவர் கணக்கு. அந்தப் பெண் டீச்சரின் கையைப் பிடித்து அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்தாள்.

"கம்பி எப்பவோ நல்லா ஊன்றிட்டு டீச்சர். இனி விலகாது. இவ்வளவு நாளா ஏன் தூக்காம வச்சிருந்தீங்க?"

"தூக்கலாம்னு யாரும் சொல்லல" என்றாள் டீச்சர்.

ஷகிலா பானு சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். "சரி, நான் சொல்லுதேன். தூக்குங்க. ஆனா இறுகிப்போன மூட்டு தானாத் தூக்காது. தினமும் ஒரு ஆள் பக்கத்துல உக்காந்து, கையைப் புடிச்சு, பேச்சுக்குடுத்துக்கிட்டே கொஞ்சங்கொஞ்சமா ஏத்தணும். வீட்டுல யாரு இருக்கா?"

டீச்சர் தரையைப் பார்த்தாள். அறுபத்தாறு வயதில் அப்படி ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் உட்கார்ந்திருப்பது தோள்வலியைவிடப் பெரிய வலியாக இருந்தது. மெம்பர்தான் முன்னால் வந்து பேசினார். "தெருக்குழாய்த் தண்ணிக்கு முறை வச்சிருக்கோம்லா, அதேபோல இதுக்கும் வைப்போம். ஒரு வீட்டுக்கு ஒரு நாள்."

இப்படியாக ஜெயசீலி டீச்சரின் கை மேலத்தெருவின் பொதுச்சொத்தானது. தினமும் காலையில் ஒருத்தி வந்தாள். வேலையோடு வந்தாள், ஆகவே 'என்ன விசேஷம்' என்று யாரும் கேட்கவில்லை. செல்லக்கனி வந்து முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள், தைலம் தேய்த்தாள், மருமகளைத் திட்டிக்கொண்டே தூக்கினாள். கோபம் ஏற ஏறக் கையும் ஏறி டீச்சர் அலறினாள். மெம்பரின் சம்சாரம் வந்து தூக்குவதற்கு முன் ஜெபம் செய்யலாமா, இல்லை முருகனைக் கும்பிடலாமா என்று கேட்டு இரண்டையும் செய்தாள். வலி என்றால் வலி, கண்ணில் பூச்சி பறக்கிற வலி. ஆனால் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு டீச்சரின் உடம்பை மனிதக் கைகள் தொட்டன. ஒருத்தி கையில் வெங்காய மணம், ஒருத்தி கையில் சோப்பு மணம். அவர்கள் போன பிறகு தோளில் அந்தச் சூடு தங்கியது. கை ஒரு விரற்கடை ஏறினால் தெருவில் தென்னைகள் ஒரு விரற்கடை ஏறின, கொடி ஏறியது, மணி ஏறியது. ஆணியடித்த பொருளெல்லாம் அவள் தூக்கிக் காட்டும் உயரத்தை நம்பிப் பின்னாலேயே வந்தன. காப்பித்தூள் டப்பாவை, தனக்கே எட்டினாலும், அன்றைக்கு வந்தவளையே எடுத்துத் தரச் சொன்னாள். அதுவரை யாரிடமும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

கை காதைத் தொட்ட நாளில் டீச்சருக்குப் பயம் வந்தது. அன்றைக்குத் தூக்கும்போது பாதி வலிதான் இருந்தது. மூட்டுக்குள் எதுவோ வழிவிட்டிருந்தது. இன்னும் தூக்கினால் போகும், போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. தலைக்குமேல் போய்விட்டால் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடும், முறை முடிந்துவிடும், காலையில் யாரும் வரமாட்டார்கள். காதைத் தொட்டதும் "ஆ" என்று கத்தினாள். பிடித்திருந்தவள் பதறிக் கையை விட்டாள். மறுநாளும் காதில் நின்றது, அதற்கு மறுநாளும் காதில் நின்றது. தெருவும் டீச்சரின் காது உயரத்திலேயே நின்றது. டீச்சர் குட்டை, ஆகவே அது தெருவிலே பாதிப் பேருக்கு மோவாய் உயரம். பொய் வலிக்கு வலக்கையால் தோளைத் தடவிக்கொள்வாள். தடவும்போது வெட்கமாக இருக்கும். ஆனாலும் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து "பாவம் டீச்சர்" என்று சொல்வது, எட்டாத வயதில் எட்டிய சர்க்கரைபோல் இனித்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள். பந்தல்காரர்கள் மூங்கிலை நட்டுத் துணியை விரிக்க விரிக்க அது இறங்கி டீச்சரின் காதளவில் நின்றது. உள்ளே குனிந்து போனவர்கள் குனிந்தே வெளியே வந்தார்கள். அன்று ஆவுடையம்மாள் வீட்டு முறை. கல்யாண வீட்டுக்காரி, வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அவளே வந்தாள். கையெல்லாம் மஞ்சள், கண் இரண்டும் வீங்கியிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தாள், தூக்கினாள். கை லேசாக ஏறியது, காதைத் தொட்டது. "ஆ" என்றாள் டீச்சர்.

ஆவுடையம்மாள் கையை விடவில்லை, மேலே தூக்கவும் இல்லை. இட்லிப் பானை தூக்கிப் பழகிய கை அது. எது கனம், எது கனம் இல்லை என்று அதற்குத் தெரியும். மணிக்கட்டைப் பிடித்தபடியே டீச்சரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி டீச்சர். வலிச்சா விட்டுருவோம்" என்றாள். கையை, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் மடியில் இறக்கிவைத்தாள். "கல்யாணம் அங்கன நடந்தாலும் கல்யாணந்தான. நீங்க மனசப் போட்டு உழப்பாதிய." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் திட்டியிருந்தால் டீச்சர் தாங்கியிருப்பாள். மடியில் கிடந்த கையைப் பார்த்தாள், மஞ்சள் ஒட்டியிருந்தது. தன்மேல் அவளுக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்தது. எழுந்து முற்றத்துக்குப் போனாள், வெயிலில் நின்றாள், யாரும் பிடிக்காமல் யாரும் பேச்சுக்கொடுக்காமல் கையைத் தூக்கினாள். காது வரை பொய் வலி. காதுக்கு மேலே நிஜ வலி காத்துக்கொண்டிருந்தது. துணி கிழிவதுபோல் தோளுக்குள் ஏதோ கிழிந்தது, நெஞ்சில் மெஷின் தன் கணக்கை விடாமல் தட்டியது, கண்ணீர் தாடையில் வழிந்தது, அவள் நிறுத்தவில்லை. கை நெற்றியைத் தாண்டியது, உச்சியைத் தாண்டியது, விரல்கள் வானத்தைப் பார்த்து விரிந்தன. அப்போது மேலத்தெரு முழுவதும் ஒரு பெருமூச்சுக் கேட்டது. தென்னைகள் எழுந்தன, கொடிகள் எழுந்தன, மணி எழுந்து தன் இடத்தில் உட்கார்ந்து ஒருமுறை அடித்தது, செல்லக்கனியின் வாழைத்தார் தின்ன வந்தவன் கைக்குத் தப்பி உத்தரத்துக்குப் போனது. பந்தல் காற்று வாங்கிய பாய்மரம்போல் மேலே போய் நிமிர்ந்து நின்றது. தெரு முழுக்கக் கைதட்டினார்கள். டீச்சர் அந்தச் சத்தம் ஓயும்வரை கையை இறக்கவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து வந்து, நிமிர்ந்து போனார். இசக்கியம்மாள் அம்மாவின் வாசலிலிருந்து காரில் ஏறினாள். பந்தலைப் பிரித்தார்கள், குலைதள்ளிய வாழைகளை ஆடுகள் தின்றன, தெரு கூட்டப்பட்டது. மறுநாள் காலையில் டீச்சர் இரண்டு பேருக்குக் காப்பி போட்டுவிட்டு வாசலைப் பார்த்தாள். முறை என்று ஒன்று இனி இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இரண்டு காப்பியையும் அவளே குடித்தாள், இரண்டாவது ஆறிப்போயிருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. தெருவில் பார்த்தவர்கள் "கை சுகம்தான டீச்சர்?" என்றார்கள். "சுகம்" என்றாள். கையை மேலே தூக்கினாள், கீழே இறக்கினாள். எதுவும் ஏறவில்லை, எதுவும் இறங்கவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மத்தியானத்தில், செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். எத்தனையோ வருஷமாகப் பக்கத்து வீடு, வேலை எதுவும் இல்லாமல் உள்ளே போனது இதுதான் முதல் தடவை. அடுப்படியில் ஆவுடையம்மாள் தனியாக, கல்யாணத்துக்கு வாங்கி மிஞ்சிய சின்ன வெங்காயத்தை முறத்தில் குவித்துவைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வீடு பெரியதாகிவிட்டதுபோல் இருந்தது. டீச்சரைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"என்ன டீச்சர்? என்ன வேணும்? எதும் எடுத்துத் தரணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்."

"கை வலிக்கா?"

"இல்ல ஆவுடை. கை நல்லா இருக்கு." டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஆயிரம் பிள்ளைகளுக்குக் கட்டளை போட்ட குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அன்னைக்கும் வலிக்கல."

"அது கெடக்கட்டும்" என்றாள் ஆவுடையம்மாள்.

"எனக்கு அங்கன ஒத்தையில இருக்க முடியல. சும்மாதான் வந்தேன்."

சும்மா என்ற சொல் மேலத்தெருவின் ஒரு வீட்டுக்குள் கேட்பது அதுதான் முதல்முறையாக இருக்கும். ஆவுடையம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு தரையில் ஒரு பலகையைத் தள்ளிப்போட்டாள், முறத்தை நடுவில் இழுத்துவைத்தாள். டீச்சர் உட்கார்ந்தாள். தலை குனிந்தது, தோள் குலுங்கியது, கண்ணீர் மடியில் சொட்டியது, துடைக்க இரண்டு கையும் எட்டியது, ஆனால் துடைக்கவில்லை.

"இந்தத் தடவ வெங்காயம் சரியான காரம் டீச்சர், எனக்கும் காலைலருந்து இப்படித்தான் கண்ணுல கொட்டுது" என்றாள் ஆவுடையம்மாள்.

டீச்சர் ஒரு வெங்காயத்தைக்கூட இன்னும் கையில் எடுத்திருக்கவில்லை.